பட்டனே போதும்!

ஐஃபோன் தயாராகும் மாவட்டத்தில், பழைய ஃபோனை விடாத காஞ்சிபுரம்

காலை பத்து மணிக்குப் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். அதற்கு அடியில், மெல்லிசாக ஒரு பாட்டு. உள்ளே குழித்தறியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். கால் இரண்டும் குழிக்குள், மிதிப்பலகைமேல். மறுபக்கம் கரை நாடாவை எறிந்துகொடுக்க மனைவி. பாட்டு வருவது தறிக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டிய மஞ்சள் பையிலிருந்து. பைக்குள் விரல் நீளத்தில் ஒரு ஃபோன். எண்கள் எல்லாம் தேய்ந்துபோய், ஐந்தாம் எண்ணின் மேலிருக்கும் சின்ன மேடு மட்டும் மிச்சம். பாட்டு நின்று மணி அடிக்கிறது. அந்தம்மா இடது கையைப் பைக்குள் விட்டு, பார்க்காமலே பச்சைப் பட்டனை அழுத்துகிறார். காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, "சொல்லுங்க... ஆங், நாளைக்குப் புடவை அறுத்துடலாம்." அவ்வளவுதான் பேச்சு. சிவப்புப் பட்டன். நாடா மறுபடி ஓடுகிறது.

அந்த வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் இல்லாமல் இல்லை. கல்லூரிக்குப் போகும் மகனிடம் ஒன்று இருக்கிறது, தவணையில் வாங்கியது. தறிக்கு வருவது இந்தப் பொடி ஃபோன்தான். நெசவாளர் தெருக்களோடு இது நிற்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்துப் பூக்கடை, ராஜவீதி டீக்கடை, கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் நோக்கியாவோ லாவாவோ ஐடெல்லோ ஒன்று கண்ணில் படும்.

'ஸ்மார்ட்ஃபோனை ஓரம்கட்டிவிட்டுப் பட்டன் ஃபோனுக்கு மாறிவிட்டேன்' என்று பெருநகர இளைஞர்கள் பெருமையாக அறிவிக்கும் காலம் இது. அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பட்டன் ஃபோனை விட்டு ஒருநாளும் போகாத நெசவாளிக்கு, பாதி வேலை நடக்காமல் வீடு திரும்பும் நாட்கள்தான் கிடைக்கின்றன.

தறிக்குத் தோதான சாமான்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை வறுமை என்றோ வயசு என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தறிமேடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

காஞ்சிப் பட்டின் அடையாளமே கோர்வைதான். உடலும் கரையும் தனித்தனி நிறம், மூன்று நாடாக்கள். எறிவதற்கு இரண்டு பேர். ஒருவர் கை நின்றால் இன்னொருவர் கையும் நிற்கும். இந்த வேலைக்கு நடுவில் ஃபோனை எடுத்து, விரல்ரேகை வைத்து, திரையைத் தள்ளி, யார் என்று பார்த்துப் பேசுவதெல்லாம் ஆகிற காரியமில்லை. நூலும் அச்சும் ஓயாமல் உரசிக் காய்த்துப்போன விரல்நுனியைத் தொடுதிரை பல சமயம் மதிப்பதே இல்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது கை முழுக்கப் பசை. அந்தக் கையால் பட்டனை அழுத்தலாம், பிறகு துணியில் துடைத்துப் போட்டுவிடலாம். தவறித் தறிக்குழிக்குள் விழுந்தாலும் மூன்று துண்டாகப் பிரியும். பொறுக்கி மாட்டினால் மறுபடி உயிர் வந்துவிடும்.

பாட்டு இன்னொரு காரணம். ஒரு புடவை இறங்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அத்தனை நாளும் துணை பாட்டுதான். மெமரி கார்டில் ஐந்நூறு, ஆயிரம் பாட்டு ஏற்றித் தரும் செல்ஃபோன் கடைகளுக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. பக்திப் பாட்டு காலையில், டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் மதியத்தில், இளையராஜா எந்த நேரத்திலும். யூடியூபில் போட்டால் பாட்டுக்கு நடுவே சமையல் எண்ணெய் விளம்பரம் வந்து நிற்கிறது; தள்ளிவிட இரண்டு கையும் சும்மா இல்லை. எஃப்எம் ரேடியோவுக்கு டேட்டாவும் தேவையில்லை.

பேட்டரி விஷயத்துக்கு விளக்கமே வேண்டாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று நாள், நான்கு நாள் ஓடும். நோக்கியா கொண்டுவந்த 'பிஎல்-5சி' என்கிற அந்தச் செவ்வகப் பேட்டரியைப் பிறகு எத்தனையோ கம்பெனி ஃபோன்களும், கையடக்க ரேடியோக்களும், சாமி பாட்டுப் பெட்டிகளும் ஏற்றுக்கொண்டன. பேட்டரி உப்பிவிட்டால் தெருமுனைக் கடையில் வாங்கி நகத்தால் மூடியைத் திறந்து மாட்டிக்கொள்ளலாம். பத்தாயிரம் ரூபாய் ஸ்மார்ட்ஃபோனில் பேட்டரி மாற்ற ஃபோனையே ஒருநாள் கடையில் விட்டுவிட்டு வரவேண்டும்.

இத்தனை காரணமும் ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள். இதைப் பின்தங்கியிருப்பது என்று சொல்லுபவர்கள் தறியைப் பார்த்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தது

இந்த ஃபோனுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. உலகம் முழுக்க விற்ற கோடிக்கணக்கான பட்டன் ஃபோன்கள் தயாரானதே இந்த மாவட்டத்தில்தான்.

2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட நோக்கியா, 2006-ல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப்பெரிய செல்ஃபோன் ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் 50 கோடி ஃபோன்கள் அங்கிருந்து வெளியே போயின. இந்தியாவுக்கு மட்டுமல்ல, மத்தியக் கிழக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது ஸ்ரீபெரும்புதூர் சரக்கு. பெரும்பாலானவை சாதாரண வகை ஃபோன்கள்.

உச்சத்தில் அந்த ஆலையில் நேரடியாக வேலை பார்த்தவர்கள் 8,000 பேர் அளவுக்கு இருந்தார்கள். பலர் இருபதைத் தாண்டிய வயதுப் பெண்கள். தறியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து நாடா எறியவேண்டிய பிள்ளைகள், கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் நிற்க ஆரம்பித்த காலம் அது. மாதச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. நெசவுக் கூலியில் இந்த மூன்றும் கிடையாது. காஞ்சிபுரத்தில் தறிகள் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போன அந்த பஸ்ஸும் அதில் ஒன்று.

2013-ல் வருமான வரித்துறையோடு வழக்கு முளைத்தது. சாஃப்ட்வேருக்காகத் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியபோது வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நோட்டீஸ். சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வில்லங்கத்தில் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அந்த டிசம்பரில் மூடப்பட்டது.

பிறகு நடந்ததை உலகமே பார்க்கிறது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் எடுத்துக்கொண்டது. 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. நோக்கியாவைப் போலவே ஃபின்லாந்தில் பிறந்த கம்பெனி, இப்போது ஆப்பிளுக்கு சார்ஜர் செய்வது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் 2019-ல் ஐஃபோன் எக்ஸ்ஆர் தயாரிக்கத் தொடங்கி, அங்கிருந்து மேலே மேலே போய்விட்டது. ஆயிரம் ரூபாய் ஃபோன் செய்த மாவட்டம் இன்று லட்ச ரூபாய் ஃபோன் செய்கிறது. பிள்ளையார்பாளையத்து மஞ்சள் பைக்குள் இருப்பது மட்டும் மாறவில்லை.

■ பெட்டிச் செய்தி: தெரிந்த ஃபோன், தெரியாத சேதி

● இந்தியாவின் முதல் செல்ஃபோன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். கொல்கத்தாவிலிருந்து அன்றைய முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போதெல்லாம் வரும் அழைப்புக்கும் காசு. 2003 மே மாதத்திலிருந்துதான் இன்கமிங் இலவசம்.

● 2003-ல் வந்த நோக்கியா 1100, உலகில் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசு புகாத கீபேட், வழுக்காத பின்புறம், தலையில் டார்ச் என்று நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்தே செய்யப்பட்டது. கரண்ட் போன இரவுகளில் அந்த டார்ச் எத்தனை வீட்டில் எரிந்தது!

● நோக்கியாவின் பாம்பு விளையாட்டு முதலில் வந்தது 1997-ல், 6110 மாடலில்.

● நோக்கியா பெயரில் ஃபோன் விற்கும் உரிமையைப் பெற்ற எச்எம்டி நிறுவனம் 2017-ல் பழைய 3310-ஐ மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வருடக் கண்காட்சியில் கூட்டம் கூடியது அதற்குத்தான்.

விட்டவர்களும் விடாதவர்களும்

மேல்நாட்டில் இப்போது இது ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி, பிரதமர்களை உருவாக்கிய பள்ளி, 2024 செப்டம்பரில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஸ்மார்ட்ஃபோனை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் முடிகிற நோக்கியா ஒன்றைக் கையில் கொடுத்தது. பதினாறு வயதுக்குள் இருப்பவர்கள் சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்த ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 'லைட் ஃபோன்' என்று ஒன்று. வேண்டுமென்றே ஒன்றும் செய்யத் தெரியாத ஃபோன். விலை மட்டும் நல்ல ஸ்மார்ட்ஃபோன் அளவுக்கு!

நம் ஊரிலும் நீட், டிஎன்பிஎஸ்சி என்று படிக்கிறவர்கள் பரீட்சை முடியும்வரை பட்டன் ஃபோனுக்கு மாறிக்கொள்கிறார்கள். 'ரீல்ஸ் பார்த்தே ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது' என்று அலுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய ஃபோனில் சிம் போடும் ஐ.டி.காரர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால், அவர்கள் மேஜை டிராயரில் ஸ்மார்ட்ஃபோன் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வங்கியோ ரயில் டிக்கெட்டோ அவசரம் என்றால் எழுப்பிக்கொள்ளலாம்.

கோயில் நகரத்துக்கு இதில் ஒரு கதையும் உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1979-ல் வந்தபோது அவரைப் பார்த்தவர்கள் ஊருக்குப் போய் வாயால்தான் சொல்லவேண்டியிருந்தது. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், தமிழ்நாட்டில் அவர் இல்லாத வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே இல்லை. வரிசையில் மணிக்கணக்கில் நின்று, சந்நிதிக்கு வந்த சில விநாடிகளில் கண்ணால் பார்க்காமல் திரையில் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள் எத்தனையோ பேர். திருச்செந்தூர் கோயில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் அனைத்திலும் செல்ஃபோனுக்குத் தடை விதிக்கச் சொன்னபோது, பட்டன் ஃபோன்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால், தடை என்று வந்துவிட்டால் கேமரா இருக்கிற ஃபோனும் இல்லாத ஃபோனும் ஒன்றுதான்; இரண்டுக்கும் ஒரே டோக்கன்.

வேண்டாத டேட்டாவுக்கு வெட்டிக் காசு

இனி செலவுக் கணக்கு. 'லைஃப்டைம் சிம்' ஞாபகம் இருக்கிறதா? 2006 வாக்கில் 999 ரூபாய் கட்டினால் ஆயுளுக்கும் இன்கமிங் இலவசம் என்றார்கள். யாருடைய ஆயுள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 2018 கடைசியில் மாதம் 35 ரூபாயாவது போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்ற நிலை வந்தது. அதன்பிறகு படிப்படியாக ஏறி, டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் என்று ஆனது. இன்டர்நெட்டே இல்லாத ஃபோனுக்குத் தினமும் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி. சாப்பிடாத இலைக்கும் காசு.

28 நாள் பேக் இன்னொரு தந்திரம். மாதம் தவறாமல் போடுகிறோம் என்று நினைப்பவர், வருஷத்துக்குப் பதின்மூன்று முறை போடுகிறார். வாரக்கூலி வாங்கும் நெசவாளிக்கு அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் ஒருநாள் கூலியைக் கடிக்கும்.

2024 டிசம்பர் 23-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றை எல்லா நிறுவனங்களும் தரவேண்டும். அதன் கெடு ஒரு வருஷம்வரை இருக்கலாம். நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் சாதாரண ஃபோன் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்த கணக்கு. நிறுவனங்கள் முனகிக்கொண்டே 2025 ஜனவரியில் பேக்குகளை அறிவித்தன. விலையைப் பரிசீலிப்போம் என்று டிராய் சொன்னதும் சில நாட்களில் கொஞ்சம் இறக்கின. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1,849 என்று நின்றது. வருஷ பேக்கைப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம்.

இப்படி ஒரு பேக் இருப்பதே பட்டன் ஃபோன்காரர்களில் பலருக்குத் தெரியாது. ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது டேட்டா பேக்குகள்தான். ஆப்பே இல்லாதவருக்குக் கடைக்காரர் சொல்வதுதான் வேதம். ஒரே மூச்சில் 1,849 ரூபாய் எடுத்துக் கொடுக்க எல்லா வீட்டிலும் முடியாது என்பதும் உண்மை. வருஷ பேக் மலிவு. ஆனால் மலிவாக வாங்குவதற்கும் கையில் மொத்தமாகப் பணம் இருக்கவேண்டும்.

'ஓடிபி வந்துச்சா?'

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி இதுதான். இ-சேவை மையத்தில் ஒரு முதியவர் ஆதார் சம்பந்தப்பட்ட வேலையாக வந்து உட்கார்ந்திருப்பார். ஓடிபி அனுப்பியாகிவிட்டது. ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், வரவில்லை. திரையின் மூலையில் ஓர் உறை படம் விட்டுவிட்டுக் கண் சிமிட்டுகிறது. மெசேஜ் பெட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருப்பதெல்லாம் 'உங்களுக்கு ஐந்து லட்சம் கடன் தயார்', 'ரம்மி ஆடுங்கள்'. ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணுவதற்குள் பத்து நிமிஷக் கெடு முடிந்து ஓடிபி செத்துப்போகிறது. 'நாளைக்கு வாங்க தாத்தா.' நாளை என்றால் இன்னொரு பஸ் டிக்கெட், இன்னொரு அரைநாள் தறி.

வந்துவிட்டாலும் பிரச்னை தீராது. ஆங்கிலத்தில் வந்தால் படிக்கத் தெரியாது. தமிழில் வந்தால் பழைய மாடல்களில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழில் 70 குறியீடுகளோடு நின்றுவிடும், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அதனால் அனுப்புகிறவர்களும் ஆங்கிலத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் "தம்பி, இதுல என்ன வந்திருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று ஃபோனை யாரிடமாவது நீட்டுவதுதான் வழி. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தத் தம்பிக்கும் தெரிந்துவிடும். ரகசியம் என்று நாம் போற்றும் ஓடிபி, இவர்கள் விஷயத்தில் ஊர்ச் சொத்து.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. வீட்டில் ஒரு ஸ்மார்ட்ஃபோன் இருந்தால் அது மகனிடமோ கணவரிடமோ இருக்கும். அம்மாவுக்கு வந்து சேர்வது பட்டன். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவை ஆப்பில் போட்டோவோடு ஏற்றவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த நாளிலிருந்து, பணித்தளப் பொறுப்பாளராக ஆசைப்பட்ட பெண்ணிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, 'ஸ்மார்ட்ஃபோன் இருக்கா?'

ஆனால், மனசு வைத்தால் அரசுக்கு வேறு மாதிரியும் செய்யத் தெரியும். அதற்குச் சாட்சியும் காஞ்சிபுரம்தான். 2023 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், அவர் பிறந்த இந்த ஊரில்தான் முதல்வர் ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள், மாதம் 1,000 ரூபாய். இவ்வளவு பெரிய திட்டத்துக்கு ஆப் இறக்கச் சொல்லவில்லை. ரேஷன் கடைக் கணக்கில் முகாம் போட்டு, காகிதத்தில் எழுதி வாங்கினார்கள். கிடைத்ததா இல்லையா என்பதை எஸ்எம்எஸ் சொன்னது. பட்டன் ஃபோனும் அந்த 'டிங்' சத்தத்தைத் தவறாமல் எழுப்பியது.

■ பெட்டிச் செய்தி: பட்டனிலும் முடியும்!

● பணம் அனுப்ப: 2022 மார்ச் 8-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே. 080 4516 3666 என்ற எண்ணுக்குப் பேசி, பட்டன் அழுத்தியே பணம் அனுப்பலாம். ஒருமுறைக்கு இருந்த 5,000 ரூபாய் உச்சவரம்பை 10,000 ஆக உயர்த்த 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது.

● இன்டர்நெட் இல்லாமல் வங்கி இருப்பைப் பார்க்க: *99# அடித்தால் போதும். தமிழிலும் உண்டு.

● சிலிண்டருக்கு: இண்டேன் வாடிக்கையாளர்கள் பதிவு செய்த எண்ணிலிருந்து 84549 55555-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் புக்கிங் முடிந்தது.

● பணம் பறிபோனால்: 1930. எந்த ஃபோனிலிருந்தும், உடனே.

வாட்ஸ்அப்பில் விரியும் முந்தானை

பட்டன் ஃபோனுக்கு வக்காலத்து வாங்கும்போது மறைக்கக்கூடாத ஒரு நஷ்டமும் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரம் இப்போது காந்தி ரோடு ஷோரூம்களோடு நிற்பதில்லை. பாதி வியாபாரம் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. முந்தானையை விரித்து ஒரு படம், கரைக்கு ஒரு படம், ஜரிகைக்கு ஒரு வீடியோ. சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் வந்துவிடுகிறது. மாஸ்டர் வீவர் புது டிசைனை அனுப்புவதும் அதில்தான். தறியிலிருக்கும் ஆளிடம் பட்டன் ஃபோன் இருந்தால், மகன் கல்லூரியிலிருந்து வரும்வரை டிசைன் காத்திருக்கும்.

நெய்தவரே நேரடியாக விற்க முடிந்தால் நடுவில் போகும் லாபத்தில் கொஞ்சமாவது தறி வீட்டுக்கு வரும். இளைய நெசவாளிகள் சிலர் இன்ஸ்டாகிராமில் தறியையே காட்டி விற்கிறார்கள். வாங்குபவருக்கும் இது கைத்தறிதான் என்ற நம்பிக்கை வருகிறது. விசைத்தறியில் ஓட்டியதையெல்லாம் 'காஞ்சிப் பட்டு' என்று ஆன்லைனில் தள்ளிவிடும் காலத்தில் இந்தச் சாட்சி சின்ன விஷயம் இல்லை. புவிசார் குறியீடு வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குறியீட்டைவிட ஒரு நிமிஷ வீடியோவுக்கு மதிப்பு கூடிவிட்டது.

ஆக, ஸ்மார்ட்ஃபோன் இல்லாத நெசவாளி, கூலிக்காரராகவே நிற்கிறார். கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே ஒரு வேலை செய்யலாம். சங்கத்துக்கு ஒரு ஆள், ஒரு கேமரா என்று வைத்து, உறுப்பினர் நெய்த புடவையை அவர் பெயரோடு ஆன்லைனில் ஏற்றினால் போதும். ஒவ்வொரு நெசவாளியும் விற்பனைப் பிரதிநிதி ஆகவேண்டிய கட்டாயமில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் பட்டன் ஃபோனுக்குப் பாதி மதிப்பெண் போடலாம். லிங்கைத் தொட்டதும் பணம் போவது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் திருட்டு ஆப், வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு 'டிஜிட்டல் அரெஸ்ட்' இவை எதுவும் அதில் நுழைய முடியாது. 2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடியில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால், 'பேங்க்ல இருந்து பேசறேன், நம்பரைச் சொல்லுங்கம்மா' என்று கேட்கும் குரல் எந்த ஃபோனிலும் வரும்.

2ஜி எத்தனை நாளைக்கு?

கடைசியாக, வேரையே அசைக்கும் கேள்வி. பழைய பட்டன் ஃபோன்கள் ஓடுவது 2ஜி-யில். 2020-ல், இந்தியாவின் முதல் செல்ஃபோன் அழைப்புக்கு இருபத்தைந்து ஆண்டு நிறைந்த நாளில், 2ஜி-யை வரலாறாக்க வேண்டும் என்றார் முகேஷ் அம்பானி. அவருக்கு அது சுலபம். ஜியோவில் 2ஜி எப்போதுமே இருந்ததில்லை. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் ஜியோஃபோன், 2023-ல் 999 ரூபாய்க்கு ஜியோ பாரத் என்று 4ஜி பட்டன் ஃபோன்களை அவர்கள் இறக்கியதும் அதே கணக்கில்தான். ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 2ஜி-யை வைத்திருக்கின்றன. ஏர்டெல் 3ஜி-யை மூடிவிட்டு 2ஜி-யை விட்டுவைத்ததற்குக் காரணம் கருணை இல்லை, வாடிக்கையாளர்கள் அங்கே இருந்ததுதான். அமெரிக்காவில் ஏடி அண்டு டி 2017-லேயே 2ஜி-யை மூடிவிட்டது.

இங்கேயும் ஒருநாள் மூடுவார்கள். மூடட்டும், டவருக்கும் வயசாகும். ஆனால், அதற்கு முன்னால் பட்டன் உள்ள, பேசினால் மட்டும் போதும் என்கிற 4ஜி ஃபோன் ஆயிரம் ரூபாய்க்குள் எல்லா நெட்வொர்க்கிலும் ஓடும்படி இருக்கவேண்டும். வங்கியும் அரசு அலுவலகமும் ஆப்புக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டரும், ஓடிபிக்குப் பக்கத்தில் ஒரு கைரேகைக் கருவியும் வைத்திருக்கவேண்டும். இதில் எதற்கும் புதுத் தொழில்நுட்பம் தேவையில்லை.

அரசும் கம்பெனிகளும் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ பட்டன் ஃபோன் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். மெசேஜ் பெட்டியைக் காலிசெய்து கொடுங்கள். 1930-ஐ ஒரு பெயர் போட்டு சேமித்துவையுங்கள். அடுத்த ரீசார்ஜுக்குக் கடைக்குப் போகும்போது, 'நெட் வேண்டாம், பேச மட்டும் உள்ள பேக் போடுங்க' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.